இடப்பக்கம் ஆள் வர்றாங்க அக்கா

மாஸ்டரிடம் கேள்வி கேட்கப் போகிறவள் முதலில் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த அணியில் இது எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் வாயால் பதில் சொல்வது அபூர்வம். கேட்டவள்தான் கோர்ட் முழுக்க ஓடி ஓடிப் பதிலைப் பொறுக்க வேண்டும்.

மாஸ்டரின் பெயர் அருள்மொழி. வயது முப்பத்தேழு. இடது முழங்கால் மட்டும் அறுபதைத் தாண்டியது. பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். 'மேடம்' என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். 'மாஸ்டர்' என்றால் தூக்கத்திலும் திரும்புவார்.

சௌடேஸ்வரி புதிது. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. ரப்பர் செருப்போடு போய் நின்றாள்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கலாமுங்களா?"

மாஸ்டர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

"பிராக்டீஸ்ல நான் போடற பந்து உள்ளதானுங்க உளுகுது. நீங்களே பாக்கறீங்க. அப்புறம் மேட்ச்சுல மட்டும் ஏனுங்க என்னை பெஞ்சுலயே உக்கார வெக்கறீங்க?"

கேட்டுவிட்டு அவளே இரண்டடி பின்னால் போனாள். இவ்வளவு பெரிய கேள்வியை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

கேட்காமலும் முடியாது. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் ஒரு ஊர்க்காரி. உயரம் ஆறடி ஒரு அங்குலம். விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த அரசு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் இந்தப் புது லீக்குக்கு வந்தவள். 'மாசச் சம்பளத்தை விட்டுப்போட்டுப் பந்து பொறுக்கப் போறயா?' என்று கேட்ட அப்பா, அதற்குப் பிறகு போனில் அவளிடம் பேசவில்லை. அணி அவளை எடுத்திருந்ததும் பாதி சீசனுக்குத்தான். நாளைக்கு நடக்கும் ஆட்டத்தோடு அந்தப் பாதி முடிகிறது. மீதிக்கு வைத்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்புவதா என்பதை மாஸ்டர்தான் சொல்ல வேண்டும்.

மாஸ்டர் பந்தைத் தட்டிப் பார்த்தார்.

"போன மேட்ச்சுல உன்னை ரெண்டு நிமிஷம் இறக்கினேன்ல, அப்ப ஜெனிட்டா ஏன் விழுந்தா?"

"அந்த டீம் எட்டாம் நம்பர் குறுக்க வந்து நின்னு வழிய மறிச்சு ஸ்கிரீன் வெச்சாங்க மாஸ்டர். அக்கா போய் மோதிட்டாங்க."

"ஜெனிட்டாவுக்கு அவ வர்றது தெரியாதா?"

"தெரியாதுங்க. அக்கா பந்து வெச்சிருந்தவங்களப் பாத்துட்டே பக்கவாட்டுல ஓடிட்டிருந்தாங்க."

"எட்டாம் நம்பரைக் காக்கறது யாரு வேலை?"

"என்ற வேலைதானுங்க."

"அவ ஸ்கிரீன் வெக்கப் போறதை முதல்ல பாத்தது யாரு?"

"நானுங்க."

"சொன்னியா?"

"சொன்னேனுங்க."

பக்கத்தில் பெஞ்சில் படுத்திருந்த ஜெனிட்டா தோளில் ஐஸ் பையோடு எழுந்து உட்கார்ந்தாள். தூத்துக்குடிக்காரி. அணியின் கேப்டன். இந்தியாவுக்கு ஆடியவள்.

"சொன்னியா? ஏட்டி, எப்பச் சொன்ன? நான் கீழ கெடக்கும்போதா?"

"முன்னாலயே ஆரம்பிச்சுட்டேனுங்க அக்கா."

ராயபுரத்து பானு அதற்காகத்தான் காத்திருந்தாள். ஊரில் யார் எப்படிப் பேசினாலும் அது பானு வாயில் மறுநாள் இருக்கும். ரெஃபரி விசில் முதல் ஹாஸ்டல் சமையல்காரர் இருமல் வரை எல்லாம் இருக்கும். அவள் எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, சௌடேஸ்வரியாகவே ஆனாள்.

"ஜெனிட்டாக்கா… வந்துங்க அக்கா… உங்களுக்குத் தொந்தரவு இல்லீன்னா… இடப்பக்கம் ஒருத்தங்க வர்றாங்க அக்கா… பாத்து, மெதுவா…"

அடுத்து பானு ஜெனிட்டாவாக மாறி, தரையில் தொப்பென்று விழுந்து, படுத்தபடியே, "ரொம்ப நன்றி தங்கச்சி" என்றாள்.

அணி முழுக்கச் சிரித்தது. சௌடேஸ்வரியும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"நானும் காலேஜ்ல கத்துவனுங்க மாஸ்டர். அங்க எல்லாரும் ஒரே வயசு. இங்க எல்லாரும் அக்காங்க. பேப்பர்ல வந்த ஜெனிட்டாக்கா போட்டோவை வெட்டி நான் ஜாமெட்ரி பாக்ஸ்ல ஒட்டி வெச்சிருந்தேனுங்க. அவங்களைப் போயி எப்படிங்க…"

"எப்படி?"

"ஏய்னு கத்தறது?"

மாஸ்டர் பந்தைக் கீழே வைத்தார். குனிந்து தன் ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.

அணி சிரிப்பை நிறுத்தியது.

"பானு, எந்திரி. ஜெனிட்டா, பந்து உன் கையில. நான் ஜெனிட்டாவைத் தடுக்கறேன். பானு வந்து எனக்கு ஸ்கிரீன் வெக்கணும். சௌடேஸ்வரி, நீ பானுவைக் காக்கணும். செருப்பை மாத்திட்டு வா."

பானு அகலமானவள். ஸ்கிரீன் என்று அவள் வந்து நின்றால் சுவருக்கே கூச்சம் வரும்.

"அய்ய, இன்னா மாஸ்டர். நான் லாரி, நீங்க சைக்கிளு. முட்டிக்கினா இன்னாத்துக்கு ஆவும்?"

"லாரி வேலைய லாரி பாக்கட்டும்."

ஜெனிட்டா பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். மாஸ்டர் அவள் இடுப்பைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்தார். பானு சௌடேஸ்வரியை விட்டுக் கிளம்பி, மாஸ்டரின் இடப்பக்கம் போய்க் கால் அகட்டி நின்றாள்.

"மாஸ்டர்—" என்றாள் சௌடேஸ்வரி.

மாஸ்டர் கீழே இருந்தார்.

"என்ன சொன்ன?"

"மாஸ்டர்னு ஆரம்பிச்சேனுங்க."

"அப்புறம்?"

"அதுக்குள்ள உளுந்துட்டீங்க."

"மறுபடி."

இரண்டாவது முறை அவள் 'மாஸ்டர்' என்பதை விட்டுவிட்டாள். நேராக விஷயத்துக்கு வந்தாள். ஆனால் கோயிலில் பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்கிற குரலில் வந்தாள். மாஸ்டர் மறுபடி மோதினார். இந்த முறை உதடு கிழிந்தது. பானு தலையில் கையை வைத்துக்கொண்டு, "நா மாட்டேன் மாஸ்டர், எங்கம்மா கேட்டா இன்னா சொல்லுவேன்" என்றாள்.

மாஸ்டர் சட்டைக் கையால் உதட்டைத் துடைத்தார்.

"மறுபடி."

மூன்றாவது முறை பானு கிளம்பியதுமே சௌடேஸ்வரி பாய்ந்தாள். ஒரு சொல் பேசவில்லை. பானுவுக்கும் மாஸ்டருக்கும் நடுவில் போய் நின்று, மாஸ்டரின் முழு வேகத்தையும் தன் விலாவில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மாஸ்டர் விழவில்லை.

வலியோடு நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"நல்லாருக்கு" என்றார் மாஸ்டர். "பானு எங்க?"

சௌடேஸ்வரி திரும்பினாள். காப்பதற்கு ஆள் இல்லாத பானு, கூடைக்குக் கீழே நின்றிருந்தாள். ஜெனிட்டா பந்தை அவளுக்கு எறிந்தாள். பானு அதை அவசரமே இல்லாமல், வீட்டு உறியில் சட்டி வைப்பதுபோல, உள்ளே வைத்தாள்.

"ரெண்டு பாயிண்ட்" என்றாள் பானு, போட்டி அறிவிப்பாளரின் குரலில். "ரசிகப் பெருமக்களே, கைதட்டுங்கள்."

யாரும் தட்டவில்லை.

"மாஸ்டர், போதும். ஒங்க முட்டு போயிரும்" என்றாள் ஜெனிட்டா.

"மறுபடி."

மாஸ்டர் இப்போது நொண்டினார். நொண்டிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தார். உதட்டிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பானு மனசே இல்லாமல் கிளம்பினாள். மாஸ்டரின் முழங்கால் நேராக அவள்மேல் போய்க்கொண்டிருந்தது. சௌடேஸ்வரி அதைப் பார்த்தாள்.

"ஏய்! இடது!"

கோர்ட் அதிர்ந்தது. வெளியே வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் எழும்பின. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

மாஸ்டர் பானுவைச் சுற்றி வளைந்து, ஜெனிட்டாவின் எதிரே முழுசாக நின்றுகொண்டிருந்தார்.

சௌடேஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போச்சுடா" என்றாள் பானு. "மாஸ்டரையே ஏய்னு கூப்டுச்சு."

"மன்னிச்சுக்கோங்க மாஸ்டர். தெரியாம வந்துருச்சுங்க. சத்தியமா நான் அந்த மாதிரிப் பொண்ணு இல்லீங்க." அவள் காலைத் தொடக் குனிந்தாள்.

மாஸ்டர் காலை நகர்த்திக்கொண்டார். அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடுவதுபோல எட்டிப் பார்த்தார்.

"யாரு அது, இப்ப கத்தினது?"

சௌடேஸ்வரியும் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு மேட்ச்சுக்கு அவளையும் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு, நொண்டியபடி பந்துக்குக் காற்றடிக்கப் போனார்.

மறுநாள் சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. போன மேட்ச்சில் ஆடிய அதே எதிரணி. மூன்று குவார்ட்டர் வரை சௌடேஸ்வரி பெஞ்சில் இருந்தாள். எதிரணியின் எட்டாம் நம்பர் ஸ்கிரீனுக்கு மேல் ஸ்கிரீனாக வைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் காத்த பெண் நான்கு ஃபவுல் வாங்கி மூச்சு வாங்கினாள். அணி ஏழு பாயிண்ட் பின்னால் இருந்தது. கடைசி குவார்ட்டர் தொடங்கும்போது மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"சௌடேஸ்வரி."

அவள் எழுந்தாள்.

"கூட்டிட்டு வந்தியா?"

"வந்திருக்காங்கன்னு நெனைக்கிறேனுங்க."

வரவில்லை. முதல் தடவை எட்டாம் நம்பர் கிளம்பியபோது, சௌடேஸ்வரியின் வாய் திறந்தது. எதிரே ஜெனிட்டாவின் முதுகு. பேப்பரில் பார்த்த அதே முதுகு. அதில் அதே நம்பர். "அக்கா" என்று ஒரு சொல் வெளியே வந்தது. அந்தச் சொல் போய்ச் சேரும் முன் ஜெனிட்டா எட்டாம் நம்பர்மேல் மோதி மல்லாந்து விழுந்தாள். அரங்கம் 'ஓ' என்றது. எதிரணிக்கு இரண்டு பாயிண்ட்.

பெஞ்சில் இருந்தவர்கள் மாஸ்டரைப் பார்த்தார்கள். சௌடேஸ்வரியும் பார்த்தாள். வெளியே கூப்பிடும் கை இதோ எழும் என்று நினைத்தாள்.

மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜெனிட்டா எழுந்து, தோளைப் பிடித்தபடி அவளிடம் வந்தாள். மூக்கோடு மூக்கு உரசும் தூரம்.

"ஏட்டி, ஒனக்கு எம்மேல மரியாதை இருக்கா?"

"இருக்குங்க அக்கா."

"நெறய இருக்கா?"

"நெறயங்க."

"அந்த மரியாதை தாங்காமத்தான் நான் விழுந்து விழுந்து எந்திரிக்கேன். இன்னொரு தடவை விழுந்தேன்னு வையி, எந்திரிக்க மாட்டேன். அங்கயே படுத்துக்கிட்டு ஒன் பேரச் சொல்லி ஒப்பாரி வைப்பேன். டிவில ஒங்க ஊரே பாக்கும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"எனக்குக் கேக்கல."

"கேட்டுச்சு!" என்று கத்தினாள் சௌடேஸ்வரி.

"அது" என்றாள் ஜெனிட்டா.

அடுத்த முறை எட்டாம் நம்பர் கிளம்பினாள். சௌடேஸ்வரிக்கு அந்த முதுகு தெரியவில்லை. மோதப்போகும் தோள் மட்டும் தெரிந்தது.

"வலது! வலது!"

ஜெனிட்டா வழுக்கிக்கொண்டு வளைந்தாள். எட்டாம் நம்பர் காற்றுக்கு ஸ்கிரீன் வைத்தாள்.

"இடது! ஜெனிட்டா, இடது!"

அவள் குரல் அவளுக்கே கேட்டது. பயம் வந்தது. ஆனால் பயப்பட நேரம் இல்லை. எட்டாம் நம்பர் மறுபடி கிளம்பிவிட்டாள். சௌடேஸ்வரி அவளோடே ஓடினாள், கத்தினாள், இன்னும் ஓடினாள், இன்னும் கத்தினாள். ஊரில் தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்கால்போல வந்தது. யார் அக்கா, யார் தங்கை என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியவில்லை.

"பின்னால! பானு, பின்னால! கையைத் தூக்குடி!"

பானுவை அந்த அணியில் 'டி' போட்டவர்கள் மாஸ்டர் உட்பட யாரும் கிடையாது. அதிர்ச்சியில் அவள் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள், போலீஸைக் கண்டவள் மாதிரி. அந்த நேரம் பார்த்து அவள் தலைக்கு மேல் எறியப்பட்ட பந்து அந்தக் கைகளிலேயே வந்து அடங்கியது. பந்தைப் பிடித்தது பானுவுக்கே தெரிய ஒரு நொடி ஆயிற்று.

"இன்னாது, டியா?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.

கடைசி நிமிடங்களில் எதிரணியால் நல்லதாக ஒரு பந்து எறிய முடியவில்லை. எட்டாம் நம்பர் எந்தப் பக்கம் கால் எடுத்து வைத்தாலும், அவளுக்கு முன்னால் அந்தப் பக்கத்தின் பெயர் அரங்கம் முழுக்கக் கேட்டது. ஒருமுறை அவளே நின்று, "கொஞ்சம் சும்மா இரேன்" என்று கெஞ்சினாள். ஜெனிட்டா பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடிப்போய்ப் போட்டாள். மறுபடி பறித்தாள். மறுபடி போட்டாள்.

அணி ஜெயித்தது. எத்தனையில் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஸ்கோர் பலகையில் சௌடேஸ்வரியின் பெயருக்கு நேரே மட்டும் ஒரு முட்டை இருந்தது.

அணியின் செக்ரட்டரி வேகமாக மாஸ்டரிடம் வந்தார். அவர் கையில் எப்போதும் கார் சாவி இருக்கும். பேசும்போது அதை ஆட்டுவார்.

"ஏம்மா அருள்மொழி, வாழ்த்துகள். அது சரி, அந்த நெட்டைப் பொண்ணு. ஒரு பாயிண்டுகூட இல்லையே! கத்துறதுக்குன்னா ஒரு மைக்செட் வாங்கி வெச்சுக்கலாம். அதுக்கு சாப்பாடு, ரூமெல்லாம் தேவையில்ல. என்ன சொல்ற? வெச்சுக்கணுமா? இன்னைக்கே முடிவு சொல்லிரு."

சௌடேஸ்வரி தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது கேட்டது. மாஸ்டர் சொன்ன பதில் கேட்கவில்லை. மாஸ்டர் கையால் எதையோ காட்டியதும், செக்ரட்டரி சாவியை ஆட்டியபடி வீராங்கனைகள் இருந்த பக்கம் போனதும் மட்டும் தெரிந்தது.

அவள் உடை மாற்றும் அறைக்குப் போனாள். பையைத் திறந்தாள். துண்டை மடித்து வைத்தாள். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். பையை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுத் திரும்ப வந்தாள்.

அரங்கம் காலியாகியிருந்தது. மாஸ்டர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, முழங்கால் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீங்கிய உதடு ஒரு பக்கம் ஏறியிருந்ததால் கிண்டலாகச் சிரிப்பவர்போல இருந்தார்.

சௌடேஸ்வரி எதிரே போய் நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

தொண்டையைச் செருமினாள். மறுபடி முயன்றாள். 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று தொடங்கக் குரலே இல்லை. மிச்சமிருந்ததைத் திரட்டி ஒரே மூச்சில் கேட்டாள்.

"இருக்கட்டா? போகட்டா?"

மாஸ்டர் பட்டையைச் சுருட்டினார்.

"வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரியில ஆட்டம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

சௌடேஸ்வரி நின்றாள். கேட்டது சரிதானா என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கண் நிறைந்தது. போகவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு முட்டை செய்து, மாஸ்டரின் முகத்துக்கு நேரே காட்டினாள். பிறகு செக்ரட்டரி போன வாசலைக் காட்டினாள்.

"ஆமா, கேட்டாரு" என்றார் மாஸ்டர். "இந்தப் பொண்ணால என்ன பிரயோஜனம்னு. எனக்கென்ன தெரியும்? நான் வெளிய நிக்கறவ. உள்ள ஆடினவளைப் போய்க் கேளுங்கன்னு ஜெனிட்டாகிட்ட அனுப்பினேன்."

சௌடேஸ்வரி புருவத்தைத் தூக்கினாள்.

மாஸ்டர் எழுந்து, பட்டையைப் பைக்குள் போட்டார்.

"'அந்த மொத இடிக்கப்புறம் யாரு வர்றாங்கன்னு நான் திரும்பியே பாக்கல சார்'ன்னாளாம்."